ஆர் வந்தாலும் பெட்டி அதுதானே!

"வயது ஐம்பதைத் தொடுது, இன்னும் உதையே பாத்துக்கொண்டிருக்கிறாய்?" சொந்தக்காரர் வீட்டுக் கலியாணங்களில் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்காமல் விடுவதில்லை. நான் பதில் சொல்லத் தொடங்கும்போதே பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்தப் பதிலை இங்கே ஆறுதலாக எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான். தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

"உது" என்று அவர்கள் சொல்வது டொக்டர் ஹூ. 1963 நவம்பர் 23ஆம் தேதி பிபிசியில் தொடங்கிய தொடர். உலகில் அதிக காலம் ஓடிய அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் என்று கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தன் பெயரைச் சொல்லாத ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை 'டொக்டர்' என்பார்கள். அவரிடம் டார்டிஸ் என்ற வாகனம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் காலத்து லண்டன் தெருக்களில் நின்ற நீல நிறப் பொலிஸ் பெட்டி. உள்ளே போனால் பெரிய மண்டபம். அதில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்தக் கிரகத்துக்கும் போகலாம். இறங்கிய இடத்துக்கு ஏற்றபடி பெட்டி தன் தோற்றத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், அந்தக் கருவி பழுதாகிவிட்டது என்பது கதை. கிழமைக்கு ஒரு புதுப் பெட்டி செய்யத் தயாரிப்பாளர்களிடம் காசில்லை என்பது உண்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் எபிசோடிலேயே அந்தக் கிழவர், தானும் பேத்தியும் சொந்த உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டு அலைகிறவர்கள் என்றும் ஒருநாள் திரும்பிப் போவோம் என்றும் சொல்கிறார். அகதியின் பேச்சு அது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் தினமும் பேசிக்கொண்டிருந்த பேச்சும் அதுதான்.

என்றாலும் நான் இந்தத் தொடரை இவ்வளவு நேசிப்பதற்குக் கதை மட்டும் காரணமில்லை. இதன் சொந்தக்காரர் பிபிசிதான். ஆனால் பிபிசி இதை அழித்தது, நிறுத்தியது, மறந்தது. காப்பாற்றியவர்கள் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள். வேறு எந்தத் தொடருக்கும் இப்படி ஒரு சரித்திரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தொடக்கத்திலிருந்தே இது வெளியாட்களின் தொடர். யோசனையை முன்தள்ளியவர் சிட்னி நியூமன், கனடாவிலிருந்து வந்து பிபிசியின் நாடகப் பிரிவுத் தலைவரானவர். அவர் தயாரிப்பாளராக்கியது 27 வயது வெரிட்டி லம்பேர்ட்டை. அப்போது பிபிசி நாடகப் பிரிவில் வேறு பெண் தயாரிப்பாளரே இல்லை. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், வயது 24. அவருடைய தாயார் அத்தியா ஹுசைன் பெயர்பெற்ற நாவலாசிரியர். ஒரு யூதப் பெண்ணும் ஓர் இந்திய இளைஞனும் 1963ஆம் ஆண்டு பிபிசிக்குள் என்ன மாதிரியான பார்வைகளைத் தாண்டியிருப்பார்கள் என்று லண்டனில் வளர்ந்த எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவர்களுக்குக் கிடைத்தது ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கம் லைம் குரோவில் ஒரு பழைய, நெருக்கமான ஸ்டூடியோ. எடுத்த முதல் எபிசோடு நியூமனுக்குப் பிடிக்கவில்லை. திரும்ப எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். ஒளிபரப்பான நாள், அமெரிக்காவில் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதற்கு மறுநாள். ஊரே வேறு சிந்தனையில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை முதல் எபிசோடைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைக் காட்டினார்கள்.

அதன் இசை பற்றி எழுதாமல் என்னால் மேலே போக முடியாது. முகப்பு இசையின் மெட்டை எழுதியவர் ரொன் கிரெய்னர். அதைக் காதால் கேட்கக்கூடிய ஒன்றாக ஆக்கியவர் டீலியா டார்பிஷர் என்ற பெண், பிபிசியின் ரேடியோபோனிக் வொர்க்‌ஷொப்பில் வேலை செய்தவர். சிந்தசைசர் அங்கே வராத காலம். ஒரு கம்பியை மீட்டிய சத்தம், ஒலிச் சோதனைக் கருவிகளின் கூவல், வெறும் இரைச்சல், இவற்றை நாடாவில் பதிவுசெய்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு சுரமாக உண்டாக்கி, அந்த நாடாத் துண்டுகளைக் கையால் வெட்டி ஒட்டி அந்த இசையைக் கோத்தார். டார்டிஸ் புறப்படும் சத்தத்தைச் செய்தவர் பிரையன் ஹொட்சன். பியானோவின் அடிச்சுரக் கம்பிகளில் வீட்டுச் சாவியால் சுரண்டி எடுத்த ஒலி அது. டீலியாவின் உழைப்பைக் கேட்டு மலைத்துப்போன கிரெய்னர், தன் பெயரோடு அவர் பெயரையும் போட வேண்டும் என்று விரும்பினார். பிபிசி விதிகள் விடவில்லை. திரையில் அவர் பெயர் முதன்முதலாக வந்தது 2013ஆம் ஆண்டு, 50ஆவது ஆண்டுச் சிறப்பு எபிசோடில். அவர் 2001இலேயே இறந்துவிட்டார். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

நான் உள்ளே வந்தது அந்தப் பொற்காலத்தில் இல்லை. 83 கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அல்பேர்ட்டனில் மாமாவின் வீட்டில் ஒரு அறையில் நாங்கள் நாலு பேர். அப்பா வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார். போனில் அவருடைய குரலைக் கேட்டதும் பல இடங்களில் அந்த வீடு 'இப்பதான் போயிட்டுது'. நேரில் போய்ப் பார்த்தால் 'வாடகைக்கு' என்ற பலகை அடுத்த மாதமும் அங்கேயே நிற்கும்.

1988 ஒக்டோபரில், டொக்டராக சில்வெஸ்டர் மக்கோய் நடித்த 'ரிமெம்பரன்ஸ் ஒப் த டலெக்ஸ்' நான்கு கிழமைகள் ஓடியது. எழுதியவர் பென் ஆரனோவிச். கதை நடப்பது 1963 நவம்பர் லண்டனில், தொடர் தொடங்கிய அதே நாட்களில். டொக்டரோடு வரும் இளம்பெண் ஏஸ், 1980களைச் சேர்ந்தவள். அவள் ஒரு விடுதி வீட்டில் தங்குகிறாள். வீட்டுக்காரி நல்ல மனுசி, அன்பாகச் சாப்பாடு போடுகிறவள். ஏஸ் முன்னறையில் சும்மா நிற்கிறபோது, ஜன்னலில் தெருவைப் பார்த்தபடி வைத்திருக்கும் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறாள். கறுப்பர்களுக்கு இடமில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. அவள் ஒன்றும் பேசுவதில்லை. முகம் மட்டும் மாறுகிறது. காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விடுகிறாள். அந்த அறையில் ஓடும் தொலைக்காட்சியில் அறிவிப்பாளர், புதிய அறிவியல் புனைவுத் தொடர் ஒன்று தொடங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பெயரைச் சொல்லி முடிக்குமுன் காட்சி வெட்டப்படுகிறது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பக்கத்தில் அப்பா இருந்தார். ஆங்கிலப் பேச்சு முழுவதும் அவருக்குப் பிடிபடாது, ஆனால் அட்டை விளங்கியது. ஒரு வார்த்தை பேசாமல் மிச்சக் கதையையும் என்னோடு இருந்து பார்த்தார். அடுத்தடுத்த புதன்கிழமைகளில் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

அதே கதையில் இரவு நேரத் தேநீர்க் கடை ஒன்று வரும். கடையில் வேலை செய்யும் கறுப்பின மனிதராக ஜோசப் மார்செல் நடித்தார். டொக்டர் தன் தேநீருக்குச் சீனி போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே, ஒருவர் எடுக்கும் முடிவு எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்று பேச்சை எடுக்கிறார். உலகத்தில் ஒருவரும் சீனி கேட்டிருக்காவிட்டால் என் பூட்டனைச் சங்கிலி போட்டுக் கொண்டுவந்து விற்றிருக்க மாட்டார்கள், நான் இன்றைக்கு ஆபிரிக்காவில் இருந்திருப்பேன் என்கிற கருத்தில் அந்த மனிதர் பதில் சொல்கிறார். கண்ணாடி அறையில் நடப்பதுபோல அவ்வளவு தெளிவான இரண்டு நிமிடங்கள். டலெக் என்ற உலோகக் கவசத்துக்குள் இருக்கும் ஜந்துக்கள், தங்கள் இனத்தைத் தவிர வேறெதுவும் உயிரோடு இருக்கக்கூடாது என்று நம்புகிறவை. நாஜிகளை மனத்தில் வைத்து டெரி நேஷன் 1963இல் படைத்தவை. இந்தக் கதையில் அவையே இரண்டாகப் பிரிந்து, யார் தூய இரத்தம் என்று ஒன்றையொன்று அழிக்கின்றன. சுற்றிலும் மனிதர்கள் அதே வேலையைச் சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கான மாலை நேர நிகழ்ச்சி இது! பள்ளிக்கூடத்தில் யாரும் எங்களோடு இதைப் பேசியதில்லை. டொக்டர் ஹூ பேசியது.

(டலெக்குகளுக்குப் படியேறத் தெரியாது என்று 25 வருடங்களாகப் பகிடி பண்ணியவர்களுக்கும் இந்தக் கதையின் முதல் எபிசோடிலேயே பதில் கிடைத்தது. நிலவறைப் படிகளில் ஒன்று மிதந்து மேலே வரும். அன்றிரவு நான் தண்ணீர் குடிக்கக்கூடக் கீழே இறங்கவில்லை.)

அம்மாவுக்கு டலெக்குகளில் ஆர்வமில்லை. அவருடைய பிரச்சினை வேறு.

"உந்த மனுசன் ஆர்? முந்தி வந்தவர் சுருட்டைத் தலையோட மொத்தமான ஆளெல்லோ?"

"அவர்தானம்மா இவர். சாகப்போற நேரம் உடம்பை மாத்திக்கொள்ளுவார்."

"அப்ப முகமும் வேற, குணமும் வேறயோ?"

"ஓமம்மா."

"சரி விடு. ஆர் வந்தாலும் பெட்டி அதுதானே!"

இத்தனை வருடங்களில் இந்தத் தொடரைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் ஆகச் சரியானது இதுதான். புது நடிகர் வரும் ஒவ்வொரு முறையும் தொடர் செத்துவிட்டது என்று ஓலமிடும் ரசிகர்களுக்கு அம்மாவின் இந்த வாக்கியத்தைத்தான் சொல்கிறேன்.

இந்த ஆள்மாற்றம் ஒரு நடிகரின் நோயிலிருந்து பிறந்தது. முதல் டொக்டரான வில்லியம் ஹார்ட்னலுக்கு இரத்தக் குழாய்கள் இறுகும் வியாதி. வசனம் மறந்தது, உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1966இல் அவரை விலக்கத் தீர்மானித்த தயாரிப்பாளர்கள், தொடரை முடிக்காமல், டொக்டரே புது உடம்பெடுப்பார் என்று வைத்துக்கொண்டார்கள். 1966 ஒக்டோபர் 29ஆம் தேதி ஹார்ட்னல் தரையில் விழுந்தார், பற்றிக் ட்ரௌட்டன் எழுந்தார். தொடர் இத்தனை வருடம் வாழ்வதற்கு அடிப்படையே அந்த ஒரு நிமிடம்தான். ஹார்ட்னல் கடைசியாக வந்தது 1972-73இல் 'த த்ரீ டொக்டர்ஸ்' கதையில். நிற்கக்கூட முடியாத நிலை. உட்கார்ந்தபடியே, அட்டையில் எழுதிக்காட்டிய வசனங்களைப் பார்த்துப் பேசினார். அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது என் நெஞ்சு இறுகிவிடும். 1975இல் காலமானார்.

ஹார்ட்னல் ட்ரௌட்டனாக மாறும் எபிசோடு முழுமையாக இன்று கிடையாது. அந்த மாற்றத்தின் சில வினாடிகள் மட்டும், சிறுவர் நிகழ்ச்சியான 'புளூ பீட்டர்' ஒருமுறை அதை எடுத்துக் காட்டியதால் தப்பியிருக்கின்றன. மிச்சத்தை பிபிசி அழித்துவிட்டது.

வேண்டுமென்று செய்த பாவமில்லை, அலட்சியம். வீடியோ நாடா அக்காலத்தில் விலை கூடியது. அழித்துவிட்டு மேலே வேறொன்றைப் பதியலாம். நடிகர் சங்கத்தோடு இருந்த ஒப்பந்தங்களால் பழையதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பவும் முடியாது. வர்ணத் தொலைக்காட்சி வந்த பிறகு கறுப்பு வெள்ளையை யார் வாங்கப்போகிறார்கள்? வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்த பிலிம் பிரதிகளும் உரிமைக்காலம் முடிந்ததும் குப்பைக்குப் போயின. ஒரு பிரிவுக்காரர் மற்றப் பிரிவில் பிரதி இருக்கும் என்று நினைத்தார்கள், அவர்கள் இவர்களிடம் இருக்கும் என்று நினைத்தார்கள். 1978இல் அழிப்பு நிற்கும்போது சேதம் பெரிதாகிவிட்டது. முதல் ஆறு வருடங்களில் ஒளிபரப்பான 253 எபிசோடுகளில் 97 இல்லை. இது 2013இல் நடந்த பெரிய மீட்புக்குப் பிறகான கணக்கு.

பிள்ளைகள் செய்த காரியத்தைக் கேளுங்கள். வீட்டில் வீடியோ ரெக்கோடர் என்ற பொருளே இல்லாத 1960களில், பிரித்தானியாவின் வெவ்வேறு ஊர்களில் ஒருவரையொருவர் அறியாத சில பையன்கள், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒலிநாடாக் கருவியை வைத்து டொக்டர் ஹூவைக் கிழமைக்குக் கிழமை பதிவுசெய்தார்கள். சிலர் ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைப் பிடித்தார்கள். திரும்பக் கேட்கவேண்டும் என்ற ஒரே ஆசைக்காக. அவர்களால்தான், படம் இல்லாத அந்த 97 எபிசோடுகளுக்கும் ஒலி முழுமையாக இருக்கிறது. ஒன்றுகூடத் தவறவில்லை. இன்று பிபிசி அந்த ஒலிக்கு அனிமேஷன் சேர்த்து விற்கிறது. கோடிக்கணக்கில் பணமும் காப்பகமும் வைத்திருந்த நிறுவனத்தால் முடியாததைச் சாப்பாட்டு மேசைக்கு மேல் வைத்த நாடாக் கருவி செய்திருக்கிறது.

படங்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 1983இல் லண்டனில் மோர்மன் தேவாலயம் ஒன்றின் நிலவறையில் இரண்டு எபிசோடுகள் கிடைத்தன. 1992இல் 'டூம் ஒப் த சைபர்மென்' நான்கு பாகமும் ஹொங்கொங்கிலிருந்து வந்தது. வீடியோ கசெட் வெளியான கிழமை நான் கையில் இருந்த காசு முழுவதையும் கொடுத்து வாங்கினேன். அதுவரை ட்ரௌட்டனின் பெயரைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். சோர்ந்துபோன இளம்பெண் விக்டோரியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் குடும்பத்தை நினைவில் எப்படி வைத்திருக்கிறேன் என்று அவர் தணிந்த குரலில் சொல்கிற காட்சி அதில் இருக்கிறது. அந்தக் காட்சி 25 வருடம் எங்கோ ஒரு அலமாரியில் கிடந்ததே என்று எனக்கு ஆத்திரமும் நன்றியும் சேர்ந்து வந்தது. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் பிலிப் மொரிஸ் என்பவர் கண்டெடுத்த சுருள்களால் காணாமல்போன ஒன்பது எபிசோடுகள் மீண்டன. அந்தச் செய்தி வந்த ஒக்டோபர் நாளில் வேலைத்தளத்தில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

வீடியோ வருவதற்கு முன் பழைய கதைகளை எங்களுக்குத் தந்தவை டார்கெட் பதிப்பகத்தின் நாவல்கள். சிறிய, மெல்லிய புத்தகங்கள், கண்ணைப் பறிக்கும் அட்டைப்படங்கள். டெரன்ஸ் டிக்ஸ் மட்டுமே அறுபதுக்கு மேல் எழுதியிருக்கிறார். நேரான, சின்னச் சின்ன வாக்கியங்கள். எங்கள் ஊர் நூலகத்தில் அவற்றைக் கட்டுக்கட்டாக எடுத்து வந்து படித்துத்தான் நான் ஆங்கிலம் பழகினேன். என் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேரை வாசிக்க வைத்தவர் அவர். அவருக்கு ஒரு சிலை வைத்தாலும் தகும்.

1989இல் தொடர் நின்றது. கடைசிக் கதை 'சர்வைவல்' நடக்கும் இடம் பெரிவேல், எங்கள் அல்பேர்ட்டனுக்கு அடுத்த ஊர். ஏஸின் சொந்த ஊரும் அதுதான். நான் சைக்கிளில் போய்வரும் தெருக்களைப் போன்ற தெருக்களில் டொக்டர் நடந்தார், டிசம்பர் 6ஆம் தேதி முடிந்தது, பிறகு வரவில்லை. நிறுத்திவிட்டோம் என்றுகூட யாரும் முறையாக அறிவிக்கவில்லை. அடுத்த வருடம் காத்திருந்தோம், அதற்கடுத்த வருடமும் காத்திருந்தோம். 1996இல் போல் மக்கான் நடித்த ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. மக்கானை எனக்கு நன்றாகப் பிடித்தது. அதோடு அதுவும் போய்விட்டது.

அந்த 16 வருட வெறுமையில்தான் ரசிகர்களின் உண்மையான வேலை நடந்தது. 1991இலிருந்து வேர்ஜின் பதிப்பகம் புதுக் கதைகளை நாவல்களாகப் போட்டது. எழுதியவர்கள் பெரும்பாலும் ரசிகர்கள். 1999இலிருந்து பிக் பினிஷ் என்ற சிறு நிறுவனம் பழைய நடிகர்களையே அழைத்து ஒலி நாடகங்கள் செய்தது. பிறகு நடந்ததைப் பாருங்கள். 1996இல் அந்த வேர்ஜின் வரிசையில் ஒரு நாவல் எழுதிய ரஸல் டி டேவிஸ்தான் 2005இல் தொடரைத் திருப்பிக் கொண்டுவந்தார். போல் கோர்னல் 1995இல் எழுதிய 'ஹியூமன் நேச்சர்' நாவல் 2007இல் தொலைக்காட்சிக் கதையாயிற்று. பிக் பினிஷில் டலெக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த ரசிகர் நிக்கலஸ் பிரிக்ஸ் 2005இலிருந்து பிபிசியின் அதிகாரபூர்வ டலெக் குரல். டொக்டரைப் பார்த்து நடிகனாக ஆசைப்பட்ட ஸ்கொட்லாந்துச் சிறுவன் டேவிட் டெனன்ட் பத்தாவது டொக்டரானார். 1974இல், 15 வயதில், தொடரைப் புகழ்ந்து 'ரேடியோ டைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதி அது அச்சான பீற்றர் கபால்டி பன்னிரண்டாவது டொக்டரானார். இப்போது இந்தத் தொடரை நடத்துகிறவர்கள் அன்றைக்குச் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்த பிள்ளைகள்தான்.

2005 மார்ச் 26, 'ரோஸ்' ஒளிபரப்பான சனிக்கிழமை. பிரித்தானியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் பில்லி பைப்பரின் கையைப் பிடித்து 'ஓடு' என்கிறார். அன்றிலிருந்து திங்கட்கிழமை காலைகளில் அலுவலகத்தில் எல்லோரும் டொக்டர் ஹூ பேசினார்கள். அதுவரை தனியாகக் காத்துவந்த ஒன்று திடீரென்று எல்லோருக்கும் உரியதாகிவிட்டது. எனக்கு அதில் பொறாமையே வரவில்லை, சந்தோசம் மட்டும்தான்.

எல்லாக் காலமும் சமமானது என்று சொல்ல மாட்டேன். கொலின் பேக்கர் நல்ல நடிகர், அவருக்குக் கிடைத்த கதைகள் மோசம். ஜோடி விட்டேக்கரை, பெண் என்பதற்காகவே சிலர் எதிர்த்தார்கள். அவருடைய காலத்துக் கதைகள் பல தட்டையாக இருந்ததும் உண்மை, அதற்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் அந்தக் காலத்தில்தான், 2018 நவம்பர் 11ஆம் தேதி, 'டீமன்ஸ் ஒப் த பஞ்சாப்' வந்தது. எழுதியவர் வினய் பட்டேல். டொக்டரின் துணைப் பயணி யாஸ் தன் பாட்டியின் இளமைக்காலத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள். டார்டிஸ் இறங்குவது 1947 ஓகஸ்ட், பிரிவினைக் கோடு விழும் நாள். முஸ்லிம் பெண் உம்ப்ரீனுக்கும் இந்து இளைஞன் பிரேமுக்கும் கலியாணம். தூரத்தில் பயங்கரத் தோற்றத்தோடு இரண்டு வேற்றுக்கிரகத்தவர் நிற்கிறார்கள். கொலைகாரர் என்று எல்லோரும் பயப்படுகிறோம். அவர்கள் அதற்காக வரவில்லை. தங்கள் உலகம் அழிந்தபோது தங்கள் இனத்தவருக்காக அழக்கூட ஆளில்லாமல் போனதால், எங்கே யார் தனியாகச் சாகப்போகிறார்களோ அங்கே போய்ப் பக்கத்தில் நின்று சாட்சியாக இருப்பதைத் தங்கள் கடமையாக எடுத்துக்கொண்டவர்கள். பிரேமைக் கொல்ல வருகிற கூட்டத்தில் அவனுடைய சொந்தத் தம்பியும் இருக்கிறான். டொக்டரால் அதைத் தடுக்க முடியாது. அந்த இருவர் மட்டும் பிரேமுக்காக அங்கே நிற்கிறார்கள்.

2009க்குப் பிறகு ஓர் ஈழத்தமிழன் அந்தக் காட்சியை எப்படிப் பார்ப்பான் என்று நான் எழுதத் தேவையில்லை. முடிவில் வழக்கமான முகப்பு இசைக்குப் பதிலாக, டீலியா கோத்த அதே மெட்டை இந்தியக் குரலில் பாடவைத்திருந்தார் இசையமைப்பாளர் சேகுன் அகினோலா. எழுத்தோட்டம் முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை.

2023இல் ஷூட்டி கட்வா வந்தார். ருவாண்டாவில் பிறந்து, இனப்படுகொலையிலிருந்து தப்பி, சிறு குழந்தையாகக் குடும்பத்தோடு ஸ்கொட்லாந்துக்கு அகதியாக வந்தவர். சொந்தக் கிரகத்தை இழந்து அலையும் பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒருவரை 60 வருடத்தில் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. சிரிப்பார், ஆடுவார், அழ வேண்டிய இடத்தில் மறைக்காமல் அழுவார். இரண்டே பருவங்களில் 2025 மே 31ஆம் தேதி விடைபெற்றுவிட்டார். இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். அதே வருடம் ஒக்டோபரில் டிஸ்னியோடு இருந்த கூட்டும் முடிந்தது. தொடருக்கு இது முடிவா என்று கேட்கிறார்கள். 1989ஐக் கடந்து வந்தவர்களுக்கு இந்தக் கேள்வியில் பயமில்லை. இதைப் பார்த்து வளர்ந்த பத்து வயதுக்காரி ஒருத்தி இப்போது எங்கேயோ ஒரு கொப்பியில் கதை எழுதிக்கொண்டிருப்பாள்.

பார்க்கத் தொடங்க விரும்புகிறவர்கள் 2005 'ரோஸ்' எபிசோடில் தொடங்குங்கள். ஒன்றே ஒன்று மட்டும் பார்ப்பேன் என்றால் 2007இன் 'பிளிங்க்'. பழைய காலம் வேண்டுமென்றால் டொம் பேக்கர் நடித்த 'ஜெனிசிஸ் ஒப் த டலெக்ஸ்', 1975. அதில் இரண்டு மின்கம்பிகளைக் கையில் வைத்துக்கொண்டு, இவற்றைத் தொடுத்து ஓர் இனத்தையே பிறக்குமுன் அழிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று டொக்டர் தயங்கும் இடத்தை அவசியம் பாருங்கள். பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு 2023 நவம்பரிலிருந்து பிபிசி ஐபிளேயரில் 800க்கும் மேற்பட்ட எபிசோடுகள் இருக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள், குறிப்பாக சிங்கப்பூர் வாசகர்களுக்கு. 1960களின் கறுப்பு வெள்ளை டொக்டர் ஹூவை வாங்கி ஒளிபரப்பிய நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. 16 மில்லிமீட்டர் பிலிம் சுருள்களாக, தகர டப்பாக்களில் அவை நாடு நாடாகப் போயின. உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ தொலைக்காட்சி நிலையத்தில் வேலை செய்தவராக இருந்தால், பழைய படச்சுருள்கள் சேர்த்தவராக இருந்தால், வீட்டை ஒதுக்கும்போது அந்த டப்பாக்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டை வாசித்துப் பாருங்கள். டொக்டர் ஹூ என்று இருந்தால் சுருளை நீங்களாக ஓட்டிப் பார்க்க வேண்டாம், பழைய பிலிம் அறுந்துவிடும். அப்படியே பத்திரமாக வைத்துவிட்டு பிபிசிக்கு ஒரு கடிதம் போடுங்கள்.